கொசுறாக வந்த ஐந்தாவது குருவி

"என்ன தம்பி, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா கழுத்துல பைனாகுலரை மாட்டிக்கிட்டு ஏரிக்கரையில அலையறீங்களாமே? படைச்சவரை விட்டுட்டுப் படைப்பைக் கும்பிட ஆரம்பிச்சிட்டீங்களா?"

போன வாரம் ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் கேட்டது இது. பாளையங்கோட்டைக்காரர். என் அப்பா வயது இருக்கும். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், நானும் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் ஒரு வாரமாக அந்தக் கேள்வி மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது. அவரிடம் நேரில் சொல்லத் தெரியாத பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு தன்னிலை விளக்கம். நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்தவன். விலங்கியலுக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முறிந்துவிட்டது. பெங்களூருக்கு மாற்றலாகி வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஐந்து வருடத்துக்கு முன் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார். வீட்டுக்குப் பக்கத்தில் ஜக்கூர் ஏரி. அங்கே நடக்கப் போன இரண்டாம் நாள், பெரிய பைபோல் அலகைத் தொங்கவிட்டுக்கொண்டு கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்து போவதைப் பார்த்தேன். நடையை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் நின்றுவிட்டேன். (டாக்டரிடம் சொல்லவில்லை!)

வெட்கக்கேடு என்னவென்றால், இதே கூழைக்கடா என் ஊர்ப் பறவை. என் ஆச்சி வீடு நாங்குநேரிப் பக்கம். அங்கிருந்து கூந்தன்குளம் ரொம்பத் தூரமில்லை. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள்ளே, வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும் ஊர் அது. இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வந்து இறங்கும் குளம். லீவுக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியே அந்த வழியைக் கடந்திருக்கிறேன். சொந்த ஊர்ப் பறவையைப் பார்க்க, பெங்களூருக்கு வந்து சர்க்கரை வியாதியும் வரவேண்டியிருந்தது.

இனி பெரியவரின் கேள்விக்கு வருகிறேன்.

மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் ஆகாயத்துப் பறவைகளைக் கவனித்துப் பார்க்கச் சொல்கிறார். இத்தனை வருடமும் அதை ஓர் உவமையாகத்தான் கேட்டேன். 'கவலைப்படாதே' என்று சொல்ல வந்தவர் ஒரு அழகுக்காகச் சேர்த்துக்கொண்டது என்று நினைத்தேன். ஏரிக்கரையில் நின்றபோதுதான் அது ஒரு கட்டளை என்று உறைத்தது. பார்க்கச் சொல்லியிருக்கிறார். நாம் பார்க்கவே இல்லை, பிரசங்கம் மட்டும் செய்துகொண்டிருக்கிறோம்.

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. லண்டன் ஆல் சோல்ஸ் ஆலயத்தின் போதகராக இருந்த ஜான் ஸ்டாட் (1921-2011) பெயரை நம்மில் பலர் வேதபாட வகுப்புகளில் கேட்டிருப்போம். அவர் வாழ்நாள் முழுக்கப் பறவை பார்த்தவர். பறவைகளே நம் ஆசிரியர்கள் என்று பொருள்படும் தலைப்பில் 1999-இல் ஒரு புத்தகமே எழுதினார். காகத்திடம் விசுவாசமும், காலம் தவறாமல் திரும்பி வரும் நாரையிடம் மனந்திரும்புதலும் படிக்கலாம் என்பது அவர் கட்சி. அவர் படைப்பைக் கும்பிட்டார் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

வங்கிக்காரன் என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்தது வேதத்தில் வரும் ஒரு குருவிக் கணக்கு. மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து குருவி. கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்குதானே வரவேண்டும்? ஐந்தாவது, கடைக்காரர் கொசுறாகப் போட்டது. கறிவேப்பிலை மாதிரி. அதற்கு விலையே கிடையாது, எந்தப் பேரேட்டிலும் ஏறாது. அந்தக் கொசுறுக் குருவியைக்கூடத் தேவன் மறப்பதில்லை என்கிறது வசனம். இருபது வருடமாக எல்லாவற்றுக்கும் மதிப்பீடு போட்டுக் கடன் கொடுக்கும் எனக்கு இது சரியான அடி.

இப்போது ஒரு பாவ அறிக்கை.

ஆறு வருடத்துக்கு முன் நான் எங்கள் சபையின் கமிட்டியில் பொருளாளர். காம்பவுண்டுக்குள் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நின்றது. கார் நிறுத்த இடமில்லை என்று ஒரே புகார். மரத்தை எடுத்துவிட்டு இன்டர்லாக் டைல்ஸ் போட முடிவானது. முறைப்படி அனுமதி வாங்கினோம். மூன்று கொட்டேஷனை ஒப்பிட்டு, குறைந்த விலைக்காரருக்குக் காசோலையில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். பிப்ரவரி மாதம் இரண்டே நாளில் வேலை முடிந்தது. நல்ல நிர்வாகி என்று பெயரும் வாங்கினேன்.

அந்த மரம் இருந்த காலத்தில், ஜெப வேளையில் எல்லோரும் அமைதியாக இருக்கும்போது வெளியே 'டொங்க்... டொங்க்... டொங்க்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பின்தெருவில் யாரோ பட்டறை வைத்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். மரம் போனபின் சத்தமும் நின்றது. பட்டறையைக் காலி செய்துவிட்டார்கள் போல என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் ஜக்கூர் கரையில் ஒருநாள் அதே சத்தம். என் மகள் போனில் மெர்லின் செயலியை இயக்கினாள். செம்மார்புக் குக்குறுவான் என்று வந்தது. ஆங்கிலத்தில் அதற்குச் செம்புத் தட்டும் கன்னான் என்றே பெயர். மரக்கிளையில் பொந்து குடைந்து கூடு வைக்கும் பறவை. பிப்ரவரி அது முட்டையிடும் பருவம்.

அன்றைக்கு நான் மேற்கொண்டு நடக்கவில்லை. அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சின்னச் சட்டம் உண்டு. வழியில் ஒரு கூட்டைக் கண்டால் குஞ்சுகளோடு தாய்ப்பறவையையும் சேர்த்து எடுக்கக்கூடாது, தாயை விட்டுவிட வேண்டும். எங்கள் பாஷையில் சொன்னால், வட்டியை எடு, முதலில் கை வைக்காதே. முதல் போனால் அடுத்த வருடம் வட்டி எங்கிருந்து வரும்? நாங்கள் அன்று தாய், குஞ்சு, கூடு, மரம் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துவிட்டோம். இப்போது ஜெப வேளையில் கேட்பதெல்லாம் யாரோ கார் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்தான்.

"சபைக்கு ஆத்தும ஆதாயம்தானே முக்கியம், குருவி பார்க்கும் வேலை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம் என்பதற்கு ஒரு உதாரணம். 'அ ரோஷா' என்ற அமைப்பு 1983-இல் பீட்டர் ஹாரிஸ் என்ற ஆங்கிலிக்கன் போதகரும் அவர் மனைவி மிராண்டாவும் போர்ச்சுகலில் தொடங்கியது. அந்தப் பெயருக்குப் 'பாறை' என்று அர்த்தம். அதன் இந்தியக் கிளை நம் பெங்களூரில்தான் இருக்கிறது. பன்னேர்கட்டா காட்டோரத்தில் யானைக்கும் விவசாயிக்கும் நடக்கும் இழுபறியில் வேலை செய்கிறார்கள். யானையைக் காப்பதும் பயிரை இழந்த ஏழை விவசாயிக்கு உதவுவதும் அங்கே ஒரே வேலை.

ஏரி விஷயமும் அப்படியே. ஜக்கூரில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒருமுறை, பிறகு கோரை வளர்ந்த சதுப்பில் ஒருமுறை வடிகட்டப்பட்டு ஏரிக்குள் வருகிறது. அதனால் பறவையும் வருகிறது, மீன்பிடிப்பவர்களுக்குப் பிழைப்பும் நடக்கிறது. இதே ஊரின் பெல்லந்தூர் ஏரியில் 2015-இல் நுரையே தீப்பிடித்தது. 2018 ஜனவரியில் அங்கே மூண்ட தீயை அணைக்க ராணுவம் வரவேண்டியிருந்தது. பறவை வாழ முடியாத இடத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தையும் நன்றாக மூச்சுவிட முடியாது. பிறனை நேசி என்ற கட்டளைக்குள் இதுவும் அடங்கும் என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூந்தன்குளத்து மக்களும், மத்தூர் பக்கம் கொக்கரே பெள்ளூர் கிராமத்தவர்களும் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வீட்டு மரத்தில் கூழைக்கடாவையும் நாரையையும் குடிவைத்திருக்கிறார்கள். எச்சம், நாற்றம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறார்கள். மத்தேயு 6-ஐ வைத்து அவர்களுக்கு யாரும் பிரசங்கம் செய்ததில்லை. பிரசங்கம் கேட்டே வளர்ந்த நாங்கள் மரத்தை வெட்டி டைல்ஸ் போட்டோம். இந்த விஷயத்தில் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதைவிடக் கற்றுக்கொள்ள வேண்டியது அதிகம்.

பெரியவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஏரியைக் காட்டி ஆராதனையைத் தட்டிக்கழிப்பதை நானும் ஏற்கமாட்டேன். ஆறு மணிக்குக் கரையில் இருந்தால் எட்டரை ஆராதனைக்குத் தாராளமாக வந்துவிடலாம். பறவைகளே அதற்குள் பாதி வேலையை முடித்துவிடும்.

ஊரைவிட்டு வந்து வாழும் நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. என் மகளுக்குத் தமிழ் வாசிக்கச் சிரமம். ஆனால் செம்போத்து, கரிச்சான், பனங்காடை, தகைவிலான் என்று பெயர் சொல்லத் தெரியும். சங்கீதம் 84-இல் தகைவிலான் என்று வரும்போது, "அப்பா, இது நம்ம ஏரியில கம்பியில உட்கார்ந்திருக்குமே, அதுதானே?" என்று கேட்டாள். அதே வசனத்தில் அடைக்கலான் குருவியும் வருகிறது. பெயரிலேயே அடைக்கலம் வைத்திருக்கும் பறவைக்கு நம் ஆலய வளாகத்தில் ஒரு மரம்கூட இல்லையென்றால் எப்படி?

போன மாதக் கமிட்டியில், டைல்ஸில் இரண்டு கார் இடத்தைப் பெயர்த்து இரண்டு புங்கங்கன்று வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். "யோசிப்போம்" என்றிருக்கிறார்கள். யோசிக்கட்டும். மறுபடி எழுதிக் கொடுப்பேன்.

வருகிற ஞாயிறு காலை அந்தப் பெரியவரை ஜக்கூருக்குக் கூப்பிடப் போகிறேன். பாளையங்கோட்டைக்காரர் ஆயிற்றே, கூழைக்கடாவைப் பார்த்தால் அவருக்கும் ஊர் நினைப்பு வராமல் போகாது. பைனாகுலரை முதலில் அவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.