நினைவேந்தலுக்கு முன்பு மருத்துவமனை

ஜனவரி 17 வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நமக்குத் தெரியும். 2016-இல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவை இழந்த நாள் அது. மே 22 வந்தாலும் தெரியும். 2019-இல் மும்பையில் ஆதிவாசி மருத்துவர் பாயல் தத்வியை இழந்த நாள். பேனர் தயார், மெழுகுவர்த்தி தயார், பேச்சாளர் பட்டியல் தயார். ஆனால் விடுதியில் பக்கத்து அறைத் தோழர் நான்கு நாட்களாகச் சாப்பிடவில்லை, குளிக்கவில்லை, "நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுது" என்கிறார். இரவு பதினோரு மணிக்கு அவரை எங்கே அழைத்துப்போவது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"கவுன்சிலிங் போகச் சொல்லியிருக்கோம்." பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். கல்லூரி நிர்வாகமும் இதைத்தான் சொல்கிறது, மாணவர் அமைப்புகளும் இதைத்தான் சொல்கின்றன. கவுன்சிலிங் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. லேசான, நடுத்தரமான மனச்சோர்வில் நல்ல ஆலோசகரிடம் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவது உண்மையாகவே பலன் தரும். ஆனால் மனச்சோர்வுக்கும் அளவு உண்டு. ஓர் அளவைத் தாண்டினால் பேச்சு மட்டும் போதாது. மனநல மருத்துவர் வேண்டும், மாத்திரை வேண்டும், சில நேரம் வார்டில் படுக்கை வேண்டும். அந்த அளவை அடையாளம் காணத் தெரியாத அமைப்பு எவ்வளவு உரக்க முழக்கமிட்டாலும் தன் தோழர்களைக் காப்பாற்றாது.

கல்லூரிக்கு வசதியான மருந்து

2025 ஜூலையில் சுக்தேப் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மனநலம் என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்றது. நாங்கள் போய்வந்த பல கல்லூரிகள் இந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டன. அதே தீர்ப்பு, மருத்துவமனைக்கும் மனநல சேவைக்கும் உடனடியாக அனுப்பும் நடைமுறை வேண்டும் என்கிறது. டெலி மானஸ் போன்ற உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் ஒட்டவேண்டும் என்கிறது. உங்கள் விடுதிச் சுவரைப் போய்ப் பாருங்கள். இருக்கிறதா?

நிர்வாகத்துக்குக் கவுன்சிலிங் ஏன் இவ்வளவு பிடிக்கிறது? ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஒரு சம்பளம், அவ்வளவுதான் செலவு. நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால் "ஆலோசனை வழங்கப்பட்டது" என்று கோப்பில் எழுதிக்கொள்ளலாம். துறைத் தலைவரின் சாதிப் பேச்சால் நொறுங்கிப்போன மாணவி, அதே துறைத் தலைவரோடு தேநீர் குடிக்கும் ஆலோசகரிடம் போய்ப் பேச வேண்டும். "நீ ரொம்ப சென்சிட்டிவா இருக்கேம்மா" என்று கேட்டுவிட்டு வரவேண்டும். இதற்குப் பெயர் சிகிச்சை அல்ல.

அதைவிட மோசம் என்னவென்றால், இந்தக் கவுன்சிலிங் பலன் தந்ததா என்று யாரும் கேட்பதில்லை. மூன்று நாளில் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தப் பரிசோதனைக்கு எழுதுகிறார்கள். மூன்று மாதமாக மனச்சோர்வு கொஞ்சமும் இறங்காத மாணவருக்கு அடுத்த வியாழக்கிழமை வரச்சொல்கிறார்கள்.

நம் பக்கத்துச் சாக்குகள்

நிர்வாகத்தை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. நம் இயக்க வட்டாரங்களிலும் மூன்று சாக்குகள் புழங்குகின்றன.

முதல் சாக்கு: "இது நோய் இல்லை தோழர், சாதி." இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. ரோஹித் மரணத்தை விசாரித்த ரூபன்வால் ஆணையம், பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு அவருடைய தனிப்பட்ட விரக்திதான் காரணம் என்று எழுதியது. மனநலம் என்ற சொல்லை வைத்துச் சாதியை மறைப்பார்கள் என்று நாம் அஞ்சுவது நியாயம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கிக் கிடப்பவரை வெளியே தூக்கியதும் முதலில் என்ன செய்கிறோம்? ஆக்ஸிஜன் வைக்கிறோம். ஆக்ஸிஜன் வைத்ததால் அது அவருடைய தனிப்பட்ட நுரையீரல் பிரச்சினை ஆகிவிடுமா? ஒப்பந்ததாரர் மீதான வழக்கு விழுந்துவிடுமா? அவரைத் தொட்டிக்குள் இறக்கியது சாதி. ஆனாலும் அவரை உயிரோடு வைப்பது ஆக்ஸிஜன். மனச்சோர்விலும் காரணம் வெளியே இருக்கலாம், ஆனால் சேதம் உடம்புக்குள் நடக்கிறது. தூக்கம், பசி, நினைவு, சிந்தனையின் வேகம் எல்லாம் கெடுகின்றன. அதற்கு வைத்தியம் செய்வது எதிரியை விடுவிப்பது ஆகாது. வழக்கு நடத்த ஆள் உயிரோடு இருக்க வேண்டும்.

இரண்டாவது சாக்கு: "களத்துக்கு வா, எல்லாம் சரியாகிடும்." லேசான சோர்வில் தோழமை நல்ல துணைதான். கடுமையான மனச்சோர்வில் இருப்பவருக்கு இந்த வார்த்தை இன்னொரு குற்றவுணர்வைத்தான் ஏற்றிவைக்கும். "சமூகத்துக்கும் பயன்படாமல் போய்விட்டேனே" என்று அவர் அதிலும் உழல்வார். அண்ணல் அம்பேத்கருக்குச் சர்க்கரை நோய் இருந்தது, நரம்பு வலி இருந்தது. இன்சுலின் எடுத்துக்கொண்டார். வைத்தியம் பார்த்துக்கொண்டேதான் அரசியல் சட்டத்தை எழுதினார். கொள்கைப் பற்று இருந்தால் இன்சுலின் எதற்கு என்று அவரிடம் யாராவது கேட்டிருப்பார்களா?

மூன்றாவது சாக்கை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பயம். "கீழ்ப்பாக்கம் கேஸு" என்பது நம் ஊரில் வசை. சாதிப் பெயரோடு சேர்த்து "மெண்டல்" என்ற பெயரையும் எதற்குச் சுமப்பது என்று குடும்பங்கள் ஒதுங்குகின்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகைக்குள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதை மறக்கவும் முடியாது. ஆனால் அந்தக் கொட்டகை மருத்துவமனை அல்ல. மருத்துவம் எட்டாத இடத்தில்தான் சங்கிலி இருந்தது.

அளவு தாண்டியது என்பதை எப்படி அறிவது?

மருத்துவராக வேண்டாம். கண்ணும் காதும் போதும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் கவுன்சிலிங்கோடு நிற்காதீர்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

1. ஒழுங்காகக் கவுன்சிலிங் போய் ஆறு முதல் எட்டு வாரம் ஆகியும் மாற்றம் இல்லை, அல்லது இன்னும் மோசமாகிறது.

2. அன்றாடம் நின்றுவிட்டது. எழுந்திருப்பது, குளிப்பது, சாப்பிடுவது, வகுப்புக்குப் போவது எதுவும் இல்லை. உடை தொளதொளக்கும் அளவுக்கு எடை இறங்குகிறது. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது.

3. பேச்சும் நடையும் மிகவும் மெதுவாகிவிட்டன, அல்லது ஓர் இடத்தில் உட்கார முடியாத தவிப்பு.

4. யாரோ திட்டும் குரல் காதில் கேட்கிறது என்கிறார். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வரப்போகிறது என்று உறுதியாக நம்புகிறார்.

5. தூங்குவதற்கே குடிக்கிறார்.

6. முன்பு சில நாட்கள் தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், செலவு, பேச்சு என்று இருந்திருக்கிறார். இது இருதுருவ நோயாக இருக்கலாம். மருந்தே வேறு. மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

7. சாவதைப் பற்றிப் பேசுகிறார், விடைபெறுவதுபோல் செய்தி அனுப்புகிறார், தன் பொருட்களைப் பிறருக்குக் கொடுக்கிறார், முன்பு ஒருமுறை முயன்றிருக்கிறார். இதற்கு நாளைக் காலை வரை காத்திருக்கக் கூடாது.

கடைசி விஷயத்தில் ஒரு மூடநம்பிக்கையை உடைக்க வேண்டும். "தற்கொலை எண்ணம் வருதா?" என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பது பொய். கேட்டால் பலருக்கு மூச்சு விட்டதுபோல் இருக்கும். வருகிறது, எப்படி என்றும் யோசித்துவிட்டேன் என்றால் தனியாக விடாதீர்கள். ஆபத்தானவற்றை எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். எடுத்துச்சொல்லி அழைத்துப்போக வழிகாட்ட 14416, டெலி மானஸ், இருபத்துநான்கு மணி நேரமும் தமிழிலும் பேசுவார்கள்.

அங்கே என்ன செய்வார்கள்?

தெரியாததுதான் பயமுறுத்துகிறது. முதலில் பேசுவார்கள், தைராய்டு, ரத்தசோகை போன்றவற்றையும் பார்ப்பார்கள், ஏனென்றால் அவையும் சோர்வைத் தரும். பிறகு பெரும்பாலும் மாத்திரை. அது இன்றே வேலை செய்யாது. இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு இன்னும் கூடுதலாக. பலரும் பத்தாம் நாள் "ஒன்னும் ஆகல" என்று தூக்கி எறிவது இது தெரியாததால்தான். இருபத்தைந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முதல் சில வாரங்களில் தவிப்பும் தற்கொலை எண்ணமும் கூடலாம். அதனால் அந்த வாரங்களில் தோழர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். மனச்சோர்வு மாத்திரைக்கு அடிமையாக மாட்டோம், ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரும். குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து இருந்தால் வார்டில் சேர்ப்பார்கள். சாப்பாடு தண்ணீர் கூட இறங்காத நிலையில் இ.சி.டி. பரிந்துரைக்கலாம். சினிமாவில் காட்டும் ஷாக் அல்ல இது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைச் செய்வதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

அந்தச் சட்டத்தை மாணவர்கள் படிக்க வேண்டும். நமக்கு அது ஆயுதம். மனநல சிகிச்சையில் சாதியின் பெயரால் பாகுபாடு கூடாது என்று 18-ஆவது பிரிவு சொல்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்கு, கையில் அட்டை இல்லாவிட்டாலும், அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். ஒருவருடைய அரசியலையோ சமூக நிலையையோ வைத்து அவரை மனநோயாளி என்று தீர்மானிக்க முடியாது என்கிறது 3-ஆவது பிரிவு. மருத்துவ விவரம் ரகசியம், கல்லூரி கேட்டதும் கொடுக்கும் காகிதம் அல்ல. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 115-ஆவது பிரிவு. நம் சார்பில் முடிவெடுக்கத் துணை நிற்கும் ஒருவரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். ஊரில் இருக்கும் அம்மா வரும்வரை யார் பேசுவது என்ற கேள்விக்கு அதுதான் விடை.

மருத்துவமனைக்குள் சாதி இருக்காதா? இருக்கும். "எந்த ஊர், எந்தத் தெரு" என்று கேட்கும் மருத்துவரை நாங்களும் பார்த்திருக்கிறோம். அதற்காக நோயாளியைத் திரும்ப அழைத்துவருவது தீர்வு அல்ல. கூட ஒரு தோழர் போங்கள், நடந்ததை எழுதிவையுங்கள், வேறு மருத்துவரைக் கேளுங்கள், பிறகு புகார் கொடுங்கள். பள்ளியில் சாதி இருக்கிறது என்பதற்காக நாம் படிப்பை விடவில்லை.

கேட்க வேண்டியது, செய்ய வேண்டியது

கல்லூரிகளிடம் "கவுன்சிலர் போடு" என்று மட்டும் கேட்பதை நிறுத்துவோம். எழுத்தில் ஒரு பரிந்துரை நடைமுறை கேட்போம்: எத்தனை வாரத்தில் மறுமதிப்பீடு, எந்த மருத்துவமனை, இரவில் வண்டிக்கு யார் பொறுப்பு. சிகிச்சைக்கான விடுப்பு வருகைப் பதிவில் வெட்டு விழாமல் வேண்டும். அந்த மாதங்களில் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் விடுதி இடமும் போகக் கூடாது. சிகிச்சை நடக்கும்போதே வன்கொடுமைப் புகாரின் விசாரணையும் நடக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மூட விடக் கூடாது.

அமைப்புகள் இந்த வாரமே மூன்று வேலை செய்யலாம். பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநலப் புறநோயாளி பிரிவு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று விசாரித்து எழுதிவையுங்கள். 14416 என்ற எண்ணை விடுதியின் ஒவ்வொரு மாடியிலும் ஒட்டுங்கள். இரவில் அழைத்தால் எழுந்து வரும் இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

அடுத்த ஜனவரி 17-க்கும் நாம் கூடுவோம். மேடைக்குக் கீழே இன்று உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அன்றைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஜெய் பீம்.