சேர்க்கை முதலில், நியாயம் பின்னாலா?

இரண்டு கம்பெனிகள் ஒன்றாகும்போது முதலாளிகள் மூலதனத்தைக் கணக்கிடுகிறார்கள். சர்க்கார் லாப நஷ்டத்தைக் கணக்கிடுகிறது. அங்கே உழைக்கிறவன் கேட்பது ஒரே கேள்விதான்: "புதிய ஜாபிதாவில் என் பெயர் எத்தனையாவது?" இதை அற்பக் கேள்வி என்று தள்ளியவர்கள் பிறகு வேலைநிறுத்தத்தையும் வழக்குகளையும் சந்திக்க நேர்ந்திருக்கிறது. நமது விமானக் கம்பெனிகளின் சரித்திரமே இதற்குச் சாட்சி.

நாஞ்சில் நாட்டாருக்கு இக்கேள்வி புதிதன்று. 1956-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தினின்று பிரிந்து சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தன. ஜனங்கள் போராடிப் பெற்ற இணைப்பு அது. ஆயினும், ஒரு சர்க்காரின் கீழ் உத்தியோகம் பார்த்தவர்கள் மற்றொரு சர்க்காரின் ஊழியர்களோடு ஒரே வரிசையில் நிற்கவேண்டி வந்தபோது, யார் முன், யார் பின் என்ற பிரச்னை எழுந்தே தீரும். சட்டம் செய்தவர்கள் இதை முன்கூட்டியே உணர்ந்திருந்தார்கள். ராஜ்யப் புனரமைப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, அனைவரும் நியாயமாக நடத்தப்படுவதற்கென ஆலோசனைக் கமிட்டிகளுக்கு வழி செய்தது. மத்திய சர்க்காரின் முன் அநுமதியின்றி ஊழியர்களின் நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றலாகாது என்றும் விதித்தது. அவ்வருஷம் மே மாதம் சென்னையில் கூடிய தலைமைக் காரியதரிசிகளின் மகாநாடு, பதவிகளைச் சமப்படுத்த நான்கு அளவுகோல்களை வகுத்தது: வேலையின் தன்மை, பொறுப்பும் அதிகாரமும், தகுதி, சம்பளம். பின்னாளில் சுப்ரீம் கோர்ட்டும் இவற்றை ஏற்றுக்கொண்டது. தகராறுகள் அதனால் அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் குறை உள்ளவன் சுட்டிக்காட்ட ஒரு விதி இருந்தது. முறையிட ஓர் இடம் இருந்தது.

குமாஸ்தாவுக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு விமானிக்குக் கிடைத்ததா?

விமானிக்கு மூப்பு என்பது வெறும் கௌரவமன்று. துணை விமானி எப்போது கேப்டனாவார், சிறிய விமானத்தினின்று பெரிய விமானத்திற்கு எப்போது பயிற்சி பெறுவார், ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியேறுவார் என்பதையெல்லாம் பெரும்பாலும் மூப்பு வரிசையே தீர்மானிக்கிறது. கால்வாய்த் தண்ணீர் முறை வைத்துப் பாயும் ஊரில் முதல் மடைக்காரனை ஒரே இரவில் கடைமடைக்குத் தள்ளினால் என்ன நடக்கும் என்பதை நமது விவசாயிகளிடம் கேட்டால் தெரியும்.

2007-ம் வருஷம் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்றாக்கப்பட்டன. இரண்டும் சர்க்கார் ஸ்தாபனங்களே. பெயர் ஒன்றாயிற்று, விமானிகளின் சம்பளமும் பதவி உயர்வும் இரண்டாகவே நின்றன. 2011 ஏப்ரல் கடைசியில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சமச் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். பத்து நாட்கள் அது நீடித்தது. அதன் பிறகே நீதிபதி தர்மாதிகாரியின் தலைமையில் கமிட்டி அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2012 ஜனவரியில் வந்தது. கல்யாணம் முடிந்து ஐந்தாண்டுகள் கழித்துப் பொருத்தம் பார்த்த கதை இது!

அவ்வருஷம் மே மாதம் மறு தரப்பு கிளம்பிற்று. புதிய போயிங் 787 விமானங்கள் இணைப்புக்கு முன் ஏர் இந்தியாவுக்கென ஆர்டர் செய்யப்பட்டவை. அவற்றில் இந்தியன் ஏர்லைன்ஸ்காரர்களுக்குப் பயிற்சி தந்தால் தங்கள் முன்னேற்றம் தடைப்படும் என்பது பழைய ஏர் இந்தியா விமானிகளின் வாதம். சங்கத்தின் அங்கீகாரம் ரத்தாயிற்று. பலர் வேலை இழந்தனர். ஜூலை முதல் வாரத்தில் டில்லி ஹைக்கோர்ட்டின் முன் சமாதானம் ஏற்படும் வரையில் 58 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தது. இத்தனை சண்டைக்கும் காரணமான அந்த விமானங்களில் முதலாவது வந்து சேர்ந்ததோ செப்டம்பரில்!

2022-ல் ஏர் இந்தியா டாட்டாக்களிடம் போயிற்று. 2024 அக்டோபரில் ஏ.ஐ.எக்ஸ். கனெக்ட் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுடனும், நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவுடனும் இணைந்தன. முதலாளி மாறினார், பாடம் மாறவில்லை. அவ்வருஷ ஏப்ரலில் விஸ்தாரா விமானிகள், உத்தரவாத ஊதியத்தை 70 மணி நேரத்திலிருந்து 40 மணி நேரமாகக் குறைத்த புதிய ஒப்பந்தத்தால் அதிருப்தியடைந்தனர். ஏராளமான விமானங்கள் ரத்தாயின. மே மாதம் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் விமானப் பணியாளர்கள் கூட்டமாக நோய் விடுப்பில் போயினர். விடுமுறை முடிந்து வளைகுடாவுக்குத் திரும்பும் நமது ஜில்லாத் தொழிலாளி திருவனந்தபுரத்தில்தான் விமானம் ஏறவேண்டும். ஒரு நாள் தவறினால் அவனுக்கு வேலையே போய்விடலாம். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் விமானிகளின் சண்டை நமக்கெதற்கு என்போர் இவனை நினைத்துப் பார்க்கட்டும்.

சரியான வழி எது? வேலையில் சேர்ந்த தேதியை மட்டும் பார்த்தால் பழைய கம்பெனிக்காரர் மேலேறி, வேகமாக வளர்ந்த கம்பெனியின் கேப்டன்களைக் கீழே தள்ளிவிடுவர். அவரவர் ஜாபிதாவில் வகித்த இடத்தை விகிதாசாரப்படி கோத்தால், இருபது வருஷம் உழைத்தவர் ஐந்து வருஷக்காரர் பக்கத்தில் நிற்க நேரும். இரண்டிலும் நியாயம் உண்டு. இரண்டிலும் அநியாயமும் உண்டு. ஆகையால் பாதிக்கப்படும் எந்தத் தரப்பும் இதில் நீதிபதியாகக் கூடாது. அமெரிக்காவில் யூ.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் 2005-ல் சேர்ந்தபோது மத்தியஸ்தர் 2007-ல் தீர்ப்பளித்தார். பெரும்பான்மையான ஒரு தரப்பார் அதை ஏற்காமல் 2008-ல் புதுச் சங்கமே அமைத்தனர். வரிசை முடிவானது 2016-ல்தான். தோற்றவன் மறுக்கக்கூடிய தீர்ப்பு தீர்ப்பன்று என்பதே இதன் படிப்பினை. அந்த நாடு 2007 முடிவிலேயே, விமானக் கம்பெனிகளின் இணைப்பில் மூப்பு வரிசை நியாயமாகக் கோக்கப்படவேண்டும், உடன்பாடு இல்லையேல் மத்தியஸ்தம் என்று சட்டம் செய்துவிட்டது.

தொழிலாளருக்கும் ஒரு வார்த்தை. 2011-ல் ஒரு சங்கம் போராடியது. 2012-ல் மற்றொன்று போராடியது. இரண்டும் சேர்ந்து ஒரு விதி வேண்டும் என்று கேட்டிருந்தால் நிர்வாகம் மறுத்திருக்க முடியுமா? தனக்கு முன்னால் நிற்கும் சகோதரனைப் பகைவனாகக் கருதும் வரையில் லாபம் மூன்றாமவனுக்கே.

நமது கோரிக்கை இதுதான். இணைப்புக்கு அநுமதி தருமுன் மூப்புக்கான விதி பகிரங்கமாக அறிவிக்கப்படவேண்டும். இரு தரப்பும் ஏற்கும் சுதந்திரமான மத்தியஸ்தர் வரிசையை முடிவு செய்யவேண்டும்; அம்முடிவு அனைவரையும் கட்டுப்படுத்தவேண்டும். இதைக் கம்பெனிகளின் தயவுக்கு விடாமல் சட்டமாக்க வேண்டியது பார்லிமெண்டின் கடமை. 1956-ல் ராஜ்யங்களைச் சேர்த்தவர்களுக்கு இருந்த முன்யோசனை, இன்று கம்பெனிகளைச் சேர்ப்பவர்களுக்கு இல்லாமல் போவானேன்?