அருகாமையும் சுவரும்

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் கைடோடு வந்தாள். "தாத்தா, 'அருகாமையில்' தப்புன்னு போட்டிருக்காங்க. மாமல்லபுரத்துல லாட்ஜ் போர்டெல்லாம் அப்படித்தானே இருக்கு?"

இருக்கத்தான் செய்கிறது. கல்லாமை, இல்லாமை போல 'ஆமை' எதிர்மறை. ஆகவே 'கடற்கரைக்கு அருகாமையில்' என்றால் கடல் பக்கத்தில் இல்லை என்று பொருள் என்பார்கள் புலவர்கள். ஆனால் அந்தப் போர்டை நம்பிப் போய்க் கடலைக் காணாமல் திரும்பியவர் யாரும் இல்லை.

'சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்' என்பது வேறு. செங்கல்பட்டிலும் பார்க்கலாம். கிணறு கிணற்றில் ஆகும், ஆறு ஆற்றில் ஆகும். சுவருக்குச் சின்ன 'ர'. சுவரில் என்றுதான் வரும். இதைக் கேட்கட்டும், நியாயம்.

சந்தியையும் கேட்கட்டும். 'கீரை கடை' என்றால் மத்தை எடுக்க வேண்டும். 'கீரைக் கடை' என்றால் பையை எடுக்க வேண்டும். ஒரு 'க்' செய்கிற வேலை!

தமிழ்ப் பகுதியில் 100 கேள்விகள், 150 மதிப்பெண். 60 வாங்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். அதற்குள் எத்தனை பேர் முந்திவிடுவார்கள்! ஊரே புழங்கும் சொல்லை வைத்து ஒரு பிள்ளையின் வேலையைத் தீர்மானிப்பது எனக்குச் சம்மதமில்லை.

இருந்தாலும், "பரீட்சையில 'அருகில்'னே குறிச்சிடும்மா" என்றேன்.

"நாம 'பக்கத்துல'ன்னுதானே சொல்றோம், தாத்தா?" என்று சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள்.