முன் அச்சைப் பார்த்து பிளேட் வாங்குங்கள்

செப்டெம்பர் பிறந்ததும் ஸ்னோ ப்ளவ் விசாரிப்புகள் தொடங்கிவிடும். எத்தனை அடி, என்ன விலை, வி-பிளேட்டா, நேர் பிளேட் போதுமா? ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிக்கப் வைத்துப் பனி தள்ளும் நம்மவர்களின் கேள்விகள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வருகின்றன. தன் ட்ரக்கின் முன் அச்சு எவ்வளவு தாங்கும் என்று கேட்பவர் அரிது. முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி எடை வரம்பு இருக்கும். விளம்பரங்கள் பெரிதாகச் சொல்லும் இழுவைத் திறன் இங்கே எதற்கும் உதவாது. பிளேட் தொங்குவது அச்சுக்கு முன்னால். வீல்பேஸ் 12 அடி என்று வையுங்கள். முன் அச்சிலிருந்து 4 அடி முன்னே 900 இறாத்தல் தொங்கினால், அந்த அச்சில் ஏறும் சுமை 900 அல்ல, 1,200. பின் அச்சிலிருந்து 300 கழன்றுவிடும். எட்டரை அடி வி-பிளேட்டின் எடை ஏறக்குறைய அந்த 900தான். டீசல் இன்ஜினும் நாலு கதவு கேப்பும் ஏற்கெனவே வரம்பில் ஒரு பங்கைத் தின்றிருக்கும்; பக்கத்தில் ஷவலோடு ஓர் உதவியாளும் உட்காருவார். அரை டன் ட்ரக்கில் இதை மாட்டினால் பனி என்னவோ நன்றாகத்தான் தள்ளும். சீசன் முடிவதற்குள் பால் ஜாயின்டும் வீல் பெயரிங்கும் பேசத் தொடங்கும்.

பின்னால் போடும் பாரம் இந்தக் கணக்கின் மறுபாதி. அதே ட்ரக்கில் பின் அச்சுக்கு 3 அடி பின்னே 400 இறாத்தல் கட்டினால் முன் அச்சிலிருந்து 100 குறையும். மணல் மூட்டைகளைக் கேப்பை ஒட்டி அடுக்கினால் குறைவதற்குப் பதில் கூடும். அந்த அடுக்கை இன்னும் நிறைய ட்ரக்குகளில் பார்க்கிறோம். பாரத்தை டெயில்கேட்டை ஒட்டிப் போட்டு, பிரேக் அடித்தால் நகராதபடி கட்டவேண்டும். பிளேட்டைத் தூக்கிய நிலையில் முன் அச்சை மட்டும் ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அகலத்தைத் தீர்மானிப்பது இதற்குப் பிறகு. 8 அடி நேர் பிளேட்டை 30 பாகை சாய்த்தால் வழிக்கும் அகலம் 7 அடிக்குச் சற்றுக் குறைவு. டயர்த் தடத்தை மூடினால் அது போதும். வி-பிளேட்டைப் பற்றி எங்கள் கருத்து சிலருக்குப் பிடிக்காது: வீட்டு டிரைவ்வேக்கள் மட்டும் எடுப்பவருக்கு அது பெரும்பாலும் ஆடம்பரம். 2022 ஜனவரி 17 அன்று ரொறன்ரோவில் கொட்டியது போன்ற பனியை உடைத்து வழி திறக்க அதற்கு இணையில்லை, உண்மைதான். ஆனால் டிரைவ்வே வேலையில் பாதி, கராஜ் கதவடியில் பிளேட்டை இறக்கிப் பின்னோக்கி இழுப்பது. அங்கே கீழ்நோக்கி அழுத்தம் கொடுக்கும் ஹைட்ராலிக் உள்ள இலகுவான நேர் பிளேட் கூடுதலாக உழைக்கும். இன்டர்லாக் கல் பதித்த வாசல்கள் நிறைய இருந்தால் இரும்பு விளிம்புக்குப் பதில் யூரித்தேன் விளிம்பு போடுங்கள். கல்லுக்கு நஷ்டஈடு கொடுப்பதைவிட மலிவு.

பராமரிப்பில் அதிகம் கைவிடப்படுவது ட்ரிப் ஸ்பிரிங். மேன்ஹோல் மூடியில் மோதும்போது பிளேட் மடங்கிக் கொடுக்கவேண்டும். அதற்குத்தான் அந்த ஸ்பிரிங். கனமான பனியில் அடிக்கடி மடங்குகிறதே என்று நட்டை முறுக்கிக்கொண்டே போனால் சுருள்கள் அளவுக்கு மீறி இழுபட்டு விரிந்துவிடும். பிறகு பிளேட் எளிதில் மடங்காது. அந்த அடி முழுவதும் சேஸிக்குப் போகும். பல தயாரிப்புகளில் சுருள்களுக்கு நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தாலே சரி. உங்கள் மாடலின் கையேட்டில் அளவு இருக்கும்.

விளிம்பு தேய்ந்து அடிச்சட்டத்தைத் தொடும்வரை காத்திருக்காதீர்கள். விளிம்பு மாற்றுவது ஒரு பிற்பகல் வேலை, சட்டம் தேய்ந்தால் வெல்டிங். பாதையில் போகும்போது ரேடியேட்டர் ஊசி ஏறினால் பிளேட்டைச் சற்றுத் தாழ்த்திச் சாய்த்துப் பாருங்கள், காற்றை மறைப்பது அதுவாகவே இருக்கலாம். பம்ப் மந்தமானால் பம்பைக் கழற்றும் முன் பற்றரியையும் எர்த் வயரையும் பாருங்கள்.

எண்ணெய் மாற்றும் காலம் ஏப்ரல். நவம்பர் அல்ல. சீசன் முழுக்கச் சேர்ந்த ஈரம் எண்ணெயைப் பால் நிறமாக்கியிருக்கும். அதைக் கோடை முழுதும் பம்புக்குள் விட்டால் உள்ளே துரு பிடிக்கும், அடுத்த உறைபனியில் வால்வு அடைக்கும். வடித்து, தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயையே ஊற்றுங்கள். சாய்க்கும் ராம்களை உள்ளே இழுத்துவிட்டு, வெளியே மிஞ்சும் குரோம் தண்டில் கிரீஸ் பூசுங்கள். பிளக்குகளில் டைஎலக்ட்ரிக் கிரீஸ்.

டீலர்களிடம் ஒரு கோரிக்கை. ட்ரக் மாடலைக் கொடுத்தால் எந்த பிளேட் பொருந்தும், பின்னால் எவ்வளவு பாரம் வேண்டும் என்று காட்டும் வசதி பெரிய தயாரிப்பாளர்களிடம் உண்டு. அந்தப் பக்கத்தை அச்சடித்து விலைப்பட்டியலோடு இணைத்துக் கொடுங்கள். வாங்குபவர் கேட்காவிட்டாலும்.