பாய்க்குக் கீழே பொத்தல்: பழைய ஆம்னி வேனுக்குத் தகர வேலை

நிலக்கோட்டைப் பக்கம் அரை ஏக்கரில் மல்லிகை வைத்திருக்கும் வாசகி ஒருவர் இந்த முறை கேட்டிருப்பது பூவைப் பற்றி அல்ல, பூ ஏற்றிப்போகும் வேனைப் பற்றி. 2008-ஆம் வருடத்து ஆம்னி, இவர்களிடம் வந்தது மூன்றாவது கையாக. இருட்டோடு எழுந்து பறித்து, விடிவதற்குள் மார்க்கெட்டில் இறக்கியாக வேண்டும். கணவர் ஓட்டுவார், அவரும் மகளும் பின்னால் பூ மூட்டைகளோடு உட்கார்ந்து போவார்கள். மார்கழியில் பூ குறைவு, விலை அதிகம். ஒரு நாள்கூட விட மனசு வராது. பனிக்குக் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். மார்க்கெட்டில் இறங்கும்போது இரண்டு பேருக்கும் தலை கனக்கும், மகளுக்கு ஒருநாள் குமட்டலே வந்துவிட்டது. அடைத்த இடத்தில் மல்லிகை வாசனை அப்படித்தான் செய்யும் என்று மாமியார் சொல்ல, வீட்டில் எல்லாரும் அதையே நம்பினார்கள். பொங்கலுக்கு வண்டியைக் கழுவப் பாயைத் தூக்கியபோது கீழே தரை தெரிந்தது. வேனின் தரை அல்ல, மண் தரை.

இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். டவுன் பட்டறையில், மேலே தகரம் வைத்து ரிவிட் அடித்து, பட்டி பூசிப் பெயிண்ட் அடித்து ஒரே நாளில் தந்துவிடலாம், 7,000 ரூபாய் என்றார்கள். பக்கத்து ஊரில் வயசான டிங்கர் ஒருவர் இருக்கிறார். அவர் ஸ்க்ரூ டிரைவர் முனையால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது தகரம் இல்லை, முறுக்கு. இத்துப்போனதை வெட்டி எடுக்காம நான் கை வைக்க மாட்டேன்” என்றாராம். அவருக்கு ஐந்து நாள் வேண்டும், 16,000 ரூபாய். யார் சொல்வது சரி, இந்த வண்டிக்கு இவ்வளவு செலவு தகுமா, தலைவலிக்கும் பொத்தலுக்கும் சம்பந்தம் உண்டா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். சம்பந்தம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பெட்ரோல் இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூச்சில் உள்ளே போனால், ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், சோர்வு, தூக்கம். அளவு மீறினால் அந்தத் தூக்கத்திலேயே உயிர் போகும். ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, புகைக்குழாய் தரைக்குக் கீழேயே பின்பக்கம் ஓடுகிறது. சைலன்சர் ஜாயிண்ட் கொஞ்சம் விட்டுப்போய், மேலே தரையும் பொத்தலாக இருந்தால், புகைக்கு நேர்வழி கிடைத்துவிடும். இறங்கிக் காற்றுப் பட்ட கொஞ்ச நேரத்தில் தலை தெளிகிறது என்று வாசகி எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும்போது சந்தேகம் கூடத்தான் செய்கிறது.

இன்னொரு பழக்கமும் உண்டு. மூட்டை அதிகமாக இருக்கும் நாளில் பின்கதவை முழுதாகச் சாத்தாமல் கயிற்றால் கட்டிக்கொண்டு போவார்கள். காற்றோட்டமாக இருக்கும் என்று நினைப்பு. நடப்பது வேறு. ஓடும் வண்டியின் முதுகுப் பக்கம் காற்று சுழன்று உள்ளே வாங்கும், புகையையும் சேர்த்தே வாங்கும். ஆகவே வேலை முடியும்வரை பின்னால் ஆள் உட்காரவே வேண்டாம். ஓட்டுகிறவரும் பின்கதவைச் சாத்திவிட்டு, முன்கண்ணாடிகளை இறக்கிவைத்தே ஓட்டட்டும். தகர வேலைக்கு முன்பே சைலன்சர், அதன் ஜாயிண்ட் எல்லாவற்றையும் மெக்கானிக் பார்த்துவிட வேண்டும். உள்ளே யாராவது கிறுகிறுத்துச் சாய்ந்தால் உடனே வெளியே தூக்கி, நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி தகரத்துக்கு வருவோம். வண்டி பழசு என்பதால் மட்டும் தரை இப்படி ஆகாது. பூ ஏற்றாத நாளில் இதே வேனில்தான் அம்மோனியம் சல்பேட்டும் பொட்டாஷும் வந்திருக்கின்றன. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் அந்த வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பதே ஓர் உப்பு, எடையில் கிட்டத்தட்ட பாதி குளோரைடு. அம்மோனியம் சல்பேட் ஈரத்தில் கரைந்தால் புளிப்புத் தன்மை காட்டும். யூரியா காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துத் தானே கசியும். மூட்டைத் தையலில் சிந்துவது ஒரு கைப்பிடிதான் இருக்கும். அது பாயின் ஓரத்தில் புகுந்து அடியில் தங்கிவிடும். பாய் ரப்பர், அடியில் பஞ்சுத்துணி. பகலில் காயாது, ராத்திரிப் பனியில் மறுபடி நனையும். ஈரத் துணியில் உப்பைக் கட்டி இரும்பில் சுற்றி வைத்தது மாதிரிதான். பூவுக்குத் தெளிக்கும் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. மேலே பார்த்தால் பாய் பளபளவென்று இருக்கும்.

டவுன் பட்டறைக்காரர் சொன்ன முறை ஏன் நிற்காது என்பதும் இதிலிருந்தே புரியும். துருவின் மேல் தகரம் வைத்தால் இரண்டுக்கும் நடுவில் ஈரம் தங்க ஓர் இடுக்கு கிடைக்கும். பட்டி ஈரத்தைத் தடுக்காது, உறிஞ்சும். அடியில் துரு வளரும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் பட்டியை நெம்பித் தூக்கும். ஒரு மழைக்காலம் தாண்டினாலே பெரிது. அதோடு, ஆம்னிக்கு லாரி மாதிரித் தனி சேசிஸ் சட்டம் கிடையாது. தரைத்தகடும் அதன் அடியில் ஒட்டிய மடிப்புச் சட்டங்களும் சேர்ந்துதான் வண்டியின் எலும்பு. தரை இத்துப்போனால் அழகு மட்டும் போவதில்லை, பலமும் போகிறது. ஆக, டிங்கர் சொல்வதே சரி.

அவரிடம் வேலையை விடும்போது வீட்டுக்காரர்கள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியது சில உண்டு. பாய், பஞ்சு, சீட் எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டேங்க் தரைக்கு அடியில் இருப்பதால் அதை இறக்கித் தள்ளி வைக்காமல் வெல்டிங் பொறி பறக்கவே கூடாது. “டேங்க்ல பெட்ரோல் இல்லைண்ணே, காலிதான்” என்று சொல்லி யாரும் துணிய வேண்டாம். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். கேஸ் கிட் போட்ட வண்டியானால் சிலிண்டரும் இறங்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல், நனைத்த கோணி.

வெட்டும்போது பொத்தலின் ஓரத்தோடு நிறுத்தக் கூடாது. கிரைண்டரில் தேய்த்துக்கொண்டே போய், வெள்ளி மாதிரிப் பளிச்சென்று நல்ல இரும்பு தெரியும் இடம்வரை எடுக்க வேண்டும். கையகலப் பொத்தல் முறத்தளவு ஆகும், அதற்கு மனசைத் தயார் செய்துகொள்ள வேண்டும். தரைக்கு 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டர் தகடு பொருந்தும். மெல்லிய தகட்டில் கேட் செய்கிற ஆர்க் வெல்டிங் ஓட்டை போட்டுவிடும். சி.ஓ.டூ வெல்டிங்கோ கேஸ் வெல்டிங்கோதான் சரி. அதையும் ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் தகடு நெளியும். இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைத்து, பிறகு இடைவெளியை நிரப்பும் டிங்கருக்குத்தான் ஐந்து நாள் ஆகும். ஜி.ஐ. தகடு துருப்பிடிக்காது என்று சிலர் அதையே கேட்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வெல்டிங் செய்யும் ஓரத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அதன் புகையை இழுத்தவருக்கு அன்று ராத்திரி குளிர்க்காய்ச்சல் மாதிரி வரும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். எமரி தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. சின்னப் பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடக் கூடாது.

வெல்டிங் முடிந்த அன்றே ப்ரைமர் அடித்துவிட வேண்டும். ஒரு ராத்திரிப் பனி பட்டாலே வெறும் இரும்பில் செம்மஞ்சள் படரும். ரெட் ஆக்ஸைடு மட்டும் அடித்துவிட்டு மழையில் நிறுத்துவதும் வீண், அதன் நுண்ணிய துளைகள் வழியே ஈரம் இறங்கும். எபாக்சி ப்ரைமர் விலை கூடுதல், ஆனால் உரம் ஏற்றும் வண்டிக்கு அதுதான் தாங்கும். தகடு சேர்ந்த இடங்களில் சீலர் பூசி, மேலே பெயிண்ட், அடியில் அண்டர் கோட்டிங். கதவின் அடிவிளிம்பிலும் தரையிலும் தண்ணீர் வடிய வைத்திருக்கும் சின்னத் துளைகளை இந்தப் பூச்சு அடைத்துவிடாமல் பார்க்க வேண்டும். கதவின் கீழ்ப்பகுதி கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்தத் துளைகள் மண்ணால் அடைந்து, தண்ணீர் உள்ளே நின்று உள்ளிருந்து வெளியே வரும் துருதான். வருடம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் போதும்.

பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடிக்கும் வழக்கம் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறது. பூவும் காய்கறியும் ஏறும் வண்டிக்கு அது வேண்டாம். ரப்பரை ஊதவைக்கும், சொட்டுகிற இடத்தில் மண்ணையும் கெடுக்கும்.

பின் மட்கார்டில் தென்னைமரம் உரசிய ஒடுக்கு இருப்பதாகவும் வாசகி எழுதியிருக்கிறார். பெயிண்ட் உடையாத ஒடுக்கு துருப்பிடிக்காது, பணம் குறைவாக இருந்தால் அப்படியே விடலாம். எடுப்பதானால் நடுப்பள்ளத்தில் ஓங்கி அடிக்கக் கூடாது. உள்பக்கமிருந்து, ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி மெல்லத் தட்டி வர வேண்டும். மீதிப் பள்ளத்துக்குப் பட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாண்டாமல் பூசினால் நிற்கும். நிறத்தை மட்டும் மாற்ற வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நிறத்துக்கும் வண்டிக்கும் ஒத்துப்போக வேண்டும், மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டிவரும்.

இத்தனை செலவு தகுமா? அதைத் தரையின் பொத்தலை வைத்துச் சொல்ல முடியாது. வண்டியை உயர்த்தி, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் மாட்டியிருக்கும் பிராக்கெட், சீட் பெல்ட் திருகிய இடம், தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் மடிப்புச் சட்டம் ஆகிய மூன்றையும் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். அங்கெல்லாம் இரும்பு கெட்டியாக இருந்தால் 16,000 ரூபாய் தாராளமாகப் போடலாம். பதினைந்து வருடம் முடிந்து புதுப்பித்த ஆர்.சி. ஐந்து வருடத்துக்குத்தான். அடுத்த முறை ஆய்வுக்கு நிற்கும்போதும் இந்த வேலை பேசும். ஸ்பிரிங் பிராக்கெட்டைச் சுற்றி முனை உள்ளே இறங்கினால், தகடு ஒட்டி ஓட்டக் கூடாது. அந்த வண்டியில் மகளை உட்கார வைப்பதைவிட, இரும்பு விலைக்குப் போட்டுவிட்டுப் பக்கத்துத் தோட்டக்காரரோடு வாடகையைப் பங்கிட்டுக்கொண்டு பூ அனுப்புவது மேல்.

வேலை முடிந்தபின் ரப்பர் பாயை ஒட்டிப் போட வேண்டாம். மரச்சட்டத்தில் ரீப்பர் அடித்த பலகை ஒன்று செய்து போட்டால் அடியில் காற்று ஓடும், தூக்கிக் கழுவவும் வசதி. உரம் வரும் நாளில் பலகைக்கு மேல் தார்ப்பாய் விரித்து, ஓரங்களை மடித்துவிட வேண்டும். இறக்கிய அன்றே தண்ணீர் விட்டு அலசி, கதவுகளைத் திறந்து வெயிலில் நிறுத்த வேண்டும்.

பழனிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்பது: செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும்போது பட்டி பூசியதை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய ஸ்பீக்கரில் உள்ள சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மட்கார்டு, கதவின் கீழ்ப்பகுதி, படியோரம் என்று நகர்த்தினால் நல்ல தகட்டில் பிடிக்கும், தடித்த பட்டியில் நழுவும். பாயைத் தூக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். காட்ட மறுக்கிறவரிடம் விலை பேச வேண்டியதில்லை.

டிராக்டர் டிரெய்லரின் அடித்தகடு தொழு எரு ஏற்றியே அரித்துவிட்டது, மேலேயே இன்னொரு தகடு போடலாமா என்பது ஒட்டன்சத்திரம் வாசகரின் கேள்வி. போடக் கூடாது, நடுவில் எருச்சாறு தங்கும். கெட்டதை வெட்டி எடுத்துவிட்டு, குறுக்குச் சட்டங்களையும் தட்டிப் பார்த்த பிறகு 3 மில்லிமீட்டர் தகடு போடலாம். பின்கதவு ஓரத்தில் சாறு வடிய வழி விட வேண்டும்.