‘இறங்காதே’ என்று சொல்ல ஓர் ஆள்

கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளில் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது. ஒருவர் இறங்கினார், மயங்கினார், காப்பாற்றப் போனவரும் இறந்தார். விதி என்கிறார்கள். கொன்றது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் இந்த வாயு, அளவு கூடினால் மூக்கையே மரக்கச் செய்துவிடும். ‘நாத்தம் போயிடுச்சு, இறங்குடா’ என்று மேஸ்திரி சொல்லும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது அதைவிட மோசம். மீத்தேன் இருந்தால் தொட்டியே வெடிக்கும்.

இதெல்லாம் தெரிந்த ஒருவர் பெரிய ஆலைகளில் இருக்கிறார். தொழிற்சாலைகள் சட்டத்தில் 1976-ல் சேர்க்கப்பட்ட 40-பி பிரிவு, 1,000 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளில் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்றது. முதலாளிகள் நல்ல மனசால் மட்டும் அவரை வைப்பதில்லை. விபத்து நடந்தால் ஆய்வாளர் வருவார், வழக்கு வரும், உற்பத்தி நிற்கும். அலுவலருக்குச் சம்பளம் கொடுப்பது அதைவிட மலிவு. லாபக் கணக்குதான், ஆனாலும் உயிர் தப்புகிறது. நாம் அதைக் குறை சொல்லவில்லை. (மார்ச் 4 பாதுகாப்பு நாளில் பேட்ஜ் குத்துவதோடு முடித்துக்கொள்பவர்களைச் சேர்க்காமல் சொல்கிறோம்.)

நம் ஆட்களின் உயிர் அந்தக் கணக்கில் ஏறவில்லை. ஓட்டல்காரர் ஒப்பந்தக்காரரைக் கைகாட்டுவார், ஒப்பந்தக்காரர் ‘அவனாகத்தான் இறங்கினான்’ என்பார். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013 சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை உண்டு. அதே ஆண்டின் விதிகள் வாயு மீட்டர், இடுப்புப் பட்டை, மூச்சுக் கருவி எல்லாவற்றையும் பட்டியலிடுகின்றன. இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-ல் 30 லட்ச ரூபாயாக உயர்த்தியது. அது செத்த பிறகு வரும் பணம்.

கருவியை வாங்கி அலமாரியில் பூட்டினால் யாரும் பிழைக்கப் போவதில்லை. மீட்டரைப் படிக்கத் தெரிந்தவர், அளவு சரியில்லை என்றால் வேலையை நிறுத்தி இயந்திரத்தை வரவழைக்கும் அதிகாரம் உள்ளவர், ஒவ்வொரு உள்ளாட்சியிலும் வேண்டும். ‘இறங்காதே’ என்று அவர் சொன்னால் தலைவரே வந்தாலும் மாறக்கூடாது. தொழிற்பாதுகாப்புப் பட்டயம் படித்த நம் பிள்ளைகளும் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். இத்தனை காலம் தொட்டிக்குள் யாரை இறக்கினார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

அடுத்த கிராம சபையில் மாணவர்கள் எழுந்து இரண்டு கேள்வி கேட்கலாம். நம் ஊராட்சியில் வாயு மீட்டர் இருக்கிறதா? அதைப் பார்க்கத் தெரிந்தவர் யார்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.