எந்த இலை, எந்த இடத்தில் வெட்டியது?

நெருங்கிய சிற்றினங்களை இலையின் உள்ளமைப்பை வைத்துப் பிரிக்கும் கட்டுரைகள் நமக்கு நிறைய வருகின்றன. படங்கள் தெளிவு; சாயமும் நன்றாக ஏறியிருக்கிறது. ஆனால் அந்த இலை எந்தக் கணுவில் இருந்தது, வெட்டியது நுனியிலா நடுவிலா, செடி வளர்ந்தது நிழலிலா வெயிலிலா என்ற விவரம் பலவற்றில் இல்லை. அது இல்லாமல் இன்னொருவர் சரிபார்க்க வழியே கிடையாது.

ஃபெஸ்டூகா புற்களையே எடுத்துக்கொள்வோம். பூங்கதிரை மட்டும் நம்பினால் ஐரோப்பாவின் ஃபெஸ்டூகா ஓவினா கூட்டத்தைப் பிரிப்பது பெரும்பாடு. ஆஸ்திரியாவில் பள்ளி ஆசிரியராக இருந்த எடுவார்ட் ஹாக்கல், 1882இல் வெளியிட்ட நூலில் இலையின் குறுக்குவெட்டை வகைப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். மடிந்து ஊசிபோல் இருக்கும் இலையை பிளேடால் மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், கீழ்ப்புறத் தோலை ஒட்டி ஸ்கிளீரன்கைமா தெரியும். ஓவினாவில் அது பெரும்பாலும் ஒரே பட்டையாக ஓடும். சிலவற்றில் ஆங்காங்கே அறுந்திருக்கும். ரூப்ராவில் நரம்புகளுக்கு நேரே சிறு கற்றைகளாகத் தனித்தனியே நிற்கும். வலேசியாகாவில் தடித்த கற்றைகள் மூன்றுதான்: நடுநரம்பின் கீழ் ஒன்று, விளிம்புக்கு ஒன்றாக இரண்டு.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. ரூபிகோலாவிலும் அதே மூன்று கற்றைகள். வலேசியாகா இருமடியம், குரோமோசோம்கள் 14. ரூபிகோலா அறுமடியம், 42. இங்கே கைகொடுப்பவை இலையின் தடிமனும் இலைத்துளைக் காப்புச் செல்களின் நீளமும். அளவு என்று வந்துவிட்டால் இலையின் வயதும் நீரும் வெளிச்சமும் குறுக்கே வரும். பைன் ஊசியிலையில் வாஸ்குலார் கற்றை ஒன்றா இரண்டா என்பதை வைத்தே பேரினத்தை இரண்டு துணைப்பேரினங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அவ்வளவு உறுதியான பண்பு சிற்றின மட்டத்தில் அரிது. அதனால்தான் கற்றைகளின் அமைப்பை முதலிலும் அளவுகளைப் பிறகும் எடைபோட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இனி இவ்விதழுக்கு எழுதுவோர், புல்லானால் பூக்காத தூரின் முதிர்ந்த இலையை நடுவில் வெட்டுங்கள். மற்றச் செடிகளில் கணுவின் இடத்தைக் குறிப்பிடுங்கள். வளர்ந்த இடத்தின் ஈரம், வெளிச்சம் இரண்டையும் எழுதுங்கள். மீதி இலையைச் சிறு உறையிலிட்டு ஹெர்பேரியம் தாளிலேயே ஒட்டி, தாளின் எண்ணைக் கட்டுரையில் தாருங்கள். ஒரு சிற்றினத்துக்கு ஒரே செடியை வெட்டிப் பார்த்து எழுதிய கட்டுரைகளை மதிப்பீட்டுக்கு அனுப்பப் போவதில்லை.